புதிய இசைக்குழுவின் முதல் வீடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் புதிதாகத் தொடங்கப்படும் பாப் இசைக்குழுக்களின் பாடல் வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் தொழில். எடிட்டிங் மேசைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி, படப்பிடிப்புக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியவை. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பாட்டை ஸ்பாட்டிஃபை, யூடியூப் எல்லாவற்றிலும் ஏற்றிவிட்டோம். அதற்குமேல் வீடியோ எதற்கு?

பாடலை மட்டும் கேட்பவருக்குக் குரல் பழகும், ஆள் பழகாது. கல்லூரி விழாவுக்கோ திருமண வரவேற்புக்கோ குழுவைத் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "வீடியோ இருந்தால் அனுப்புங்கள்" என்பதுதான். மேடையில் எத்தனை பேர் நிற்பார்கள், யார் பாடுவார், கூட்டத்தைக் கட்டிப்போடுவார்களா என்று அவர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள்.

வீடியோவிலிருந்து நேரடி வருமானத்தை எதிர்பார்க்காதீர்கள். யூடியூபில் விளம்பரப் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் தேவை. அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸுக்கு 1 கோடி பார்வைகள் வேண்டும். ஸ்பாட்டிஃபையிலும் 2024 முதல் ஒரு பாடல் 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்பட்டால்தான் அதற்குப் பணம் கணக்கிடப்படுகிறது. முதல் வீடியோவுக்கு ஆகும் பணத்தை விளம்பரச் செலவாகவே எழுதிவையுங்கள்.

கதை வைக்கலாமா, அல்லது நாங்கள் வாசிப்பதையே காட்டினால் போதுமா?

முதல் வீடியோவுக்கு ஒரே ஒரு வேலைதான்: பார்த்து முடித்தவர் உங்கள் குழுவின் பெயரையும் குறைந்தது இரண்டு முகங்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். கதை வைத்தால் நடிகர்கள் வருவார்கள். நடிகர்கள் வந்தால் கேமரா அவர்கள் பக்கம் போகும். பாடியவர் மூன்றாவது நிமிடத்தில் ஒரு மொட்டை மாடியில் தலைகாட்டிவிட்டு மறைவார். காதல் தோல்வி, பேருந்து நிறுத்தம், மழை என்று போகும் அந்த வீடியோக்களில் பல நன்றாகவே எடுக்கப்பட்டவை. ஆனால் யாருடைய பாட்டு என்று கேட்டால் பார்த்தவருக்குச் சொல்லத் தெரியாது.

எனவே வாசிப்பையே முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கதை கட்டாயம் வேண்டுமென்றால், அதில் வருகிறவர்கள் நீங்களாகவே இருங்கள். பயிற்சி முடிந்து கடையை அடைக்கும் நேரத்தில் ஐந்து பேரும் ஒரே பரோட்டாத் தட்டைச் சுற்றி நிற்பதுகூடக் கதைதான். அதற்கு வெளியாள் தேவையில்லை. குழுவின் பெயர் முதல் பத்து விநாடிக்குள் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் எழுத்தில் வரட்டும். டிரம்ஸின் முன்தோலில் பெயரை எழுதி ஒட்டிவிட்டால் ஒவ்வொரு அகன்ற ஷாட்டிலும் அது தானாகவே வந்துவிடும்.

பாட்டு இன்னும் மிக்ஸிங்கில் இருக்கிறது. அதற்குள் ஷூட் வைத்துவிடலாமா?

கூடாது. குரலையும் வாத்தியங்களையும் கலந்து சமன்செய்யும் மிக்ஸிங்கில் ஒரு இடையிசையை நான்கு பார் (தாளச் சுற்று) குறைத்தால், அதற்காக எடுத்த அத்தனை ஷாட்டும் வீண். வேகத்தைச் சிறிது கூட்டினால் வாயசைப்பு எங்கும் பொருந்தாது. நீளமும் வேகமும் இனி மாறாது என்று இசையமைத்தவர் உறுதி சொன்ன பிறகே தேதி குறியுங்கள். ஒலியின் நேர்த்தி மட்டும் பிறகு மாறினால் பாதகமில்லை.

காத்திருக்கும் நாட்களில் ஒரு தாளில் பாட்டைப் பிரித்து எழுதுங்கள். இடது ஓரத்தில் நேரம், அடுத்து வரி அல்லது வாத்தியம், அடுத்து யார் தெரிய வேண்டும், எங்கே எடுக்கிறோம், எத்தனை பேர் நெருக்கக் காட்சியில் வருகிறார்கள். இந்தத் தாளை முடித்ததும் பேஸ் கிதார் வாசிப்பவர் பெயர் ஒரே ஒரு வரிசையில்தான் இருக்கிறது என்பது போன்ற விஷயங்கள் கண்ணில் படும். அதை அங்கேயே சரி செய்துவிடலாம். எடிட்டில் வந்து, "அண்ணே, இவனைக் காணவே இல்லையே" என்று கேட்டால் நான் எடுக்காத ஷாட்டை எங்கிருந்து கொண்டுவருவேன்?

கையில் காசு கம்மி. எதில் சிக்கனம் பிடிக்கலாம், எதில் கூடாது?

கேமராவில் சிக்கனம் பிடிக்கலாம். இன்று திருமண வீடியோ எடுப்பவர்களிடம் இருக்கும் மிரர்லெஸ் கேமராவே யூடியூபுக்குத் தாராளம். வாடகைக்குப் பெரிய சினிமா கேமரா எடுத்தால் அதற்கு லென்ஸ், உதவியாளர், அவருக்குப் பேட்டா, மின்கலம் என்று வால் நீளும். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டிய நெருக்கடியும் கூடவே வரும். அதே பணத்தில் எளிய கேமராவுடன் இரண்டு நாள் எடுத்தால் முதல் நாள் காட்சிகளை இரவில் பார்த்துவிட்டு மறுநாள் விட்டுப்போனதை எடுக்கலாம். புதிய குழுவுக்கு அந்த இரண்டாம் நாள்தான் பெரிய சொத்து.

விளக்கு, சாப்பாடு, ஒப்பனை ஆகிய மூன்றிலும் கை வைக்காதீர்கள். மதுரை வெயிலில் ஒரு மணி நேரம் நின்றால் முகம் எண்ணெய் வடியும். பவுடரும் துண்டும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்க ஒருவர் வேண்டும். உடைக்கு மெல்லிய கட்டம், நெருக்கமான கோடு போட்ட சட்டைகளைத் தவிருங்கள். அவை திரையில் நெளியும். சுங்குடியின் புள்ளிகள் அப்படி நெளியாது, பார்க்கவும் நம் ஊராக இருக்கும்.

மதுரை பேண்டு என்றால் கோபுரம் காட்டாமல் எப்படி? எங்கெங்கே அனுமதி வாங்க வேண்டும்?

கோபுரம், மல்லிகை, ஜிகர்தண்டா, வைகைப் பாலம் என்ற வரிசையை வெளியூரிலிருந்து வருகிற ஒவ்வொரு யூனிட்டும் எடுத்துத் தேய்த்துவிட்டது. மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 பிப்ரவரித் தீ விபத்துக்குப் பிறகு கைபேசியைக்கூடக் கொண்டுபோக முடியாது. பாப் பாடலின் படப்பிடிப்பு பற்றிப் பேச்சே இல்லை. 1636இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கீழக்குயில்குடி சமணர் மலையின் படுக்கைகளும் சிற்பங்களும் மத்தியத் தொல்லியல் துறையின் கீழ் வருகின்றன. இரண்டு இடத்திலும் வாசல் காவலரிடம் பேசி முடிக்கும் விவகாரம் அல்ல இது. துறைக்கு எழுத்தில் விண்ணப்பித்து, அனுமதி கையில் வந்த பிறகே அந்த இடத்தை மேலே சொன்ன தாளில் எழுதுங்கள். வண்டியூர்த் தெப்பக்குளம் கோயிலுக்குச் சொந்தமானது, அழகர்மலைக் காடு வனத்துறையைச் சேர்ந்தது. மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஜெனரேட்டரும் ஸ்பீக்கருமாகப் போய் இறங்குவது முறையல்ல என்பது என் எண்ணம்.

தனியார் இடங்களே புதிய குழுவுக்குத் தோதானவை. கீழமாசி வீதியின் மொத்த வியாபாரக் கடைகள் அடைத்திருக்கும் நேரத்தில் அந்த இரும்பு ஷட்டர்களின் பச்சையும் நீலமும் எந்த செட்டிலும் கிடைக்காது. செல்லூரில் ஒரு தறிக்கூடத்தின் உரிமையாளர் சம்மதித்தால், தறியின் சத்தத்தோடு உங்கள் டிரம்ஸ் போட்டி போடுவதையே ஒரு காட்சியாக்கலாம். யானைமலை பின்னணியில் தெரியும் ஒத்தக்கடைப் பக்கத்து மொட்டை மாடிகளில், காலைச் சாய்வெயில் பாறையின் மடிப்புகளை எடுத்துக்காட்டும். வெயில் ஏறிவிட்டால் மலை வெளிறிவிடும். உரிமையாளரிடம் தேதியும் நேரமும் குறிப்பிட்ட ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தெருவில் எடுத்தால் அந்தப் பகுதிக் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிப்பதும், சாலையை மறிப்பதானால் மாநகராட்சி, போக்குவரத்துக் காவல் இரண்டிலும் அனுமதி பெறுவதும் உங்கள் பொறுப்பு.

டிரோன் ஷாட் இல்லாமல் இருந்தால் சாதாரணமாகத் தெரியாதா?

தெரியாது. முந்நூறு அடி உயரத்திலிருந்து யாருடைய முகமும் தெரியாது என்பதுதான் உண்மை, முகம் பதிய வேண்டும் என்று முன்பே பார்த்தோம். ஆசைக்கு ஒன்றிரண்டு எடுக்கலாம் என்றால், 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளைத் தெரிந்துகொண்டு எடுங்கள். டிரோன்களுக்கான அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் இடங்கள் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டுள்ளன. பச்சையில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் அந்த வரம்பு 200 அடி. மஞ்சளுக்கும் சிவப்புக்கும் முன் அனுமதி தேவை.

மதுரை விமான நிலையம் நகரின் தெற்கு ஓரத்திலேயே இருப்பதால் அவனியாபுரம், பெருங்குடி, வலையங்குளம் பக்கமெல்லாம் வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடவே கூடாது. 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனை வணிக நோக்கில் இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்று வேண்டும். வாடகைக்கு வருகிறவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

வாயசைப்பு ஒட்டவே மாட்டேன் என்கிறது. என்ன தப்பு செய்கிறோம்?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, கைபேசியில் பாட்டை ஓட்டிவிட்டு, நடுவிலிருந்து தொடங்கும்போது கணக்கு இல்லாமல் தொடங்குவது. ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் நான்கு டிக் சத்தம் சேர்த்துத் தனித்தனிக் கோப்புகளாக வெட்டிக்கொண்டு போனால், பாடுபவர் சரியாகப் பிடிப்பார். கேமராவின் ஒலியில் பதியும் அந்த டிக்கை வைத்து எடிட்டில் நான் நொடியில் பொருத்திவிடுவேன். இரண்டு, ப்ளூடூத் ஸ்பீக்கர். அதில் ஒலி சற்றுத் தாமதித்தே வரும் என்றாலும் பாடுபவரும் கேமராவும் அதே ஸ்பீக்கரைக் கேட்டால் சிக்கலில்லை. ஒருவர் ஸ்பீக்கரையும் மற்றவர் காதில் செருகியதையும் கேட்டால் போச்சு. மூன்று, வாயை மட்டும் அசைப்பது. பாடகர் உண்மையாகவே குரல் விட்டுப் பாட வேண்டும். மூச்சு இழுக்கும்போது தோள் ஏறுவதும், உச்சத்தில் கழுத்து நரம்பு புடைப்பதும் நடிப்பில் வராது. டிரம்ஸும் அப்படித்தான்: சத்தம் தொந்தரவு என்றால் சிம்பலில் துணி சுற்றுங்கள், ஆனால் அடி உண்மையான அடியாக விழட்டும்.

ஒரு மானிட்டர் (ஒத்திகை) பார்த்துவிட்டு டேக் போனால் போதும் என்ற பழக்கம் வசனக் காட்சிக்குச் சரி. பாட்டில் குறைந்தது ஒரு முறை, குழு முழுவதையும் அகன்ற ஷாட்டில் வைத்து முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் வாசிக்கச் செய்து எடுங்கள். எடிட்டில் எங்கே ஓட்டை விழுந்தாலும் அடைக்க அந்த ஒரு டேக் உதவும்.

எல்லாம் ஸ்லோமோஷனில் ஓட, வாய் மட்டும் பாட்டோடு பொருந்துவது எப்படி?

படப்பிடிப்பில் பாட்டை இரட்டை வேகத்தில் ஓட்டுவார்கள்; கேமரா நொடிக்கு 48 ஃப்ரேம் (தனிப் படம்) எடுக்கும். அதை 24 ஃப்ரேமில் ஓட்டும்போது வாய் இயல்பு வேகத்துக்கு வந்துவிடும். முடி, துணி, தூசி எல்லாம் பாதி வேகத்தில் மிதக்கும். நீங்கள் 25 ஃப்ரேமில் தொகுப்பதானால் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் பாடுபவரின் நாக்கில்தான் இருக்கிறது. இரட்டை வேகத்தில் வல்லின எழுத்துகள் நெருங்கும் வரிகளைச் சொல்லவே முடியாது. நீட்டிப் பாடும் வரிகளை மட்டும் இதற்குத் தேர்ந்தெடுங்கள், அல்லது பாட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டி 36 ஃப்ரேமில் எடுங்கள். மிதப்பு குறைவாக இருக்கும், வாய் நம்பும்படி இருக்கும். படப்பிடிப்புக்கு முந்தைய வாரமே அந்த வேகத்தில் பாடிப் பழகச் சொல்லுங்கள்.

பயிற்சி அறையில் எடுத்தது வரிவரியாக மினுக்குகிறதே?

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி என்று வையுங்கள், ஸ்லோமோஷனுக்கு 1/100. அப்படியும் மினுக்கினால் அது மலிவான எல்.இ.டி. விளக்கின் கோளாறு, அதை அணைத்துவிட்டு வேறு விளக்கு கொண்டுவருவதே வழி. எடிட்டில் இதைச் சரிசெய்யக் கேட்காதீர்கள்.

தூங்கா நகரம்தானே, ராத்திரி தெருவில் ஸ்பீக்கர் வைத்து எடுக்கலாமா?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. காதில் செருகும் சிறு இயர்போன்களோடு எடுக்கலாம். எல்லோருக்கும் ஒரே ஒலி ஒரே நேரத்தில் போகிறதா என்று முன்பு சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் நையாண்டி மேளம் வருகிறது. வாசித்தவர்களை வீடியோவிலும் அழைக்க வேண்டுமா?

அழையுங்கள். காதில் தவிலும் உறுமியும் கேட்க, கண்ணில் கீபோர்டு வாசிப்பவர் மட்டும் தெரிவது பார்ப்பவருக்கு உறுத்தும். வாசித்தவர்களுக்கு அவமதிப்பாகவும் இருக்கும். ஒலிப்பதிவுக்குத் தனி ஊதியம், படப்பிடிப்பு நாளுக்குத் தனி ஊதியம் என்று முதலிலேயே பேசுங்கள். திருவிழாக் காலமான பங்குனி, சித்திரையில் அவர்களுக்கு ஓய்வே இருக்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். பெயர்களை விவரக் குறிப்பில் வாத்தியத்தோடு எழுதுங்கள். "நாட்டுப்புறக் கலைஞர்கள்" என்று மொத்தமாகப் போடுவது எனக்கு உடன்பாடில்லை.

ஒரு சின்னப் பையனும் ஜல்லிக்கட்டுக் காளையும் வந்தால் கெத்தாக இருக்குமே?

பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றி 3 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது. ஊதியத்தில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போக வேண்டும். காளைக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். முதல் வீடியோவில் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். காளை வந்த பிறகு உங்களை யார் பார்க்கப்போகிறார்கள்?

பிரபலமான பழைய பாட்டைக் கவர் செய்து, அதையே முதல் வீடியோவாக விடலாமா?

பாடலின் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவு, முதல் பதிவு வந்து 5 ஆண்டுகள் கடந்த பாடலுக்கு, முறைப்படி அறிவிப்பும் உரிமைத்தொகையும் கொடுத்துப் புதிய ஒலிப்பதிவு செய்ய வழி தருகிறது. ஆனால் அது ஒலிக்கு மட்டுமே. காட்சியோடு இணைக்க உரிமையாளரிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். யூடியூபில் எத்தனையோ கவர் வீடியோக்கள் இருக்கின்றனவே என்றால், அவற்றில் பலவற்றின் விளம்பர வருமானம் பாடியவருக்குப் போவதில்லை. உரிமையாளர் விரும்பினால் வீடியோவை நீக்கவும் வைக்கலாம்.

அப்பத்தா பாடிய தாலாட்டைப் போன்ற வழிவழிப் பாடல்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் யாரோ இசையமைத்து வெளியிட்ட வடிவத்தைக் கேட்டு அதைப்போலவே செய்யாதீர்கள். பாட்டியிடமே நேரில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

நண்பன்தான் இலவசமாக எடுத்துத் தருகிறான். அவனிடம் போய் ஒப்பந்தமா?

அவனிடம்தான் முக்கியமாக வேண்டும். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. இலவசமாக எடுத்தால் அந்தத் தெளிவு இல்லாமல் போகிறது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கக் கடிதம் போதும்: வீடியோ யாருடையது, எவ்வளவு காலம், உலகம் முழுவதுமா, எடிட் செய்யாத மூலக் காட்சிகள் யாரிடம் இருக்கும், இயக்குநர் தன் வேலை மாதிரியாக அதைக் காட்டலாமா. குழு உறுப்பினர்கள் அத்தனை பேரும் அதே தாளில், தங்கள் தோற்றத்தையும் வாசிப்பையும் இந்த வீடியோவில் பயன்படுத்தச் சம்மதம் என்று கையெழுத்திடட்டும்.

எடிட் முடிந்துவிட்டது. நாளைக்கே விட்டுவிடலாமா?

பொறுங்கள். வெளியாகாத பாடலை ஸ்பாட்டிஃபையின் பாடல் பட்டியல் (பிளேலிஸ்ட்) தொகுப்பாளர்களுக்கு முன்மொழிய வெளியீட்டுக்கு 7 நாட்களாவது முன்னதாக அனுப்ப வேண்டும். அதற்கும் முன்பே, பாட்டை ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகத் தளத்தில் பாடல் ஏறியிருக்க வேண்டும். ஆக, மூன்று வாரம் இடைவெளி விட்டுத் தேதி குறிப்பது நல்லது. ஒவ்வொரு பதிவையும் அடையாளம் காட்டும் ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணை விநியோகத் தளமே பெரும்பாலும் கொடுத்துவிடும்; பாடலுக்கு ஓர் எண், வீடியோவுக்கு வேறோர் எண்.

ஷார்ட்ஸுக்கும் ரீல்ஸுக்கும் வேண்டிய நெட்டுக்குத்துக் காட்சிகளைப் படப்பிடிப்பிலேயே தனியாக எடுத்துவையுங்கள். அகலக் காட்சியை ஓரம் வெட்டி நிமிர்த்தினால் ஐந்து பேரில் இரண்டு பேர் காணாமல் போவார்கள். பொங்கலை ஒட்டிய வாரத்தில் பெரிய படங்களின் பாடல்கள் வரிசை கட்டும். அந்த நேரத்தில் புதிய குழு வெளியிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

நாங்களே எழுதி நாங்களே பாடிய பாட்டுக்கு யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்திருக்கிறது. இது என்ன அநியாயம்?

முதலில் கோரியது யார் என்று பாருங்கள். பல நேரம் அது நீங்களே பணம் கட்டிச் சேர்ந்த விநியோகத் தளமாக இருக்கும். உங்கள் பாட்டை அது யூடியூபின் அடையாளத் தேடலில் (கன்டென்ட் ஐடி) பதிந்ததால், உங்கள் வீடியோவையே பிடித்துக்கொடுக்கிறது. அந்தத் தளத்தில் உங்கள் சேனலை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் தீர்ந்துவிடும். வேறு பெயர் வந்திருந்தால், பாட்டில் போட்ட பீட் அல்லது லூப் போன்ற ஆயத்த இசைத் துண்டைச் சந்தேகியுங்கள். பலருக்கும் விற்கப்படும் லூப்பை வாங்கிய இன்னொருவர் தன் பாட்டைப் பதிந்திருப்பார். வாங்கிய ரசீதும் உரிம விவரமும் இருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம்; இல்லாவிட்டால் இசையமைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

டி.வி. சேனலில் போடுவதாகச் சொல்கிறார்கள். சென்சார் வேண்டுமா?

யூடியூபுக்கு வேண்டாம். தொலைக்காட்சிக்கு இசை வீடியோவும் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் ‘யு’ சான்று பெற்றிருக்க வேண்டும் என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. விண்ணப்பம் சென்னை மண்டல அலுவலகத்துக்குப் போகும். சேனல் எழுத்தில் உறுதி தந்த பிறகு அந்தச் செலவைச் செய்யுங்கள்.

வீடியோ வந்து நான்கு மாதத்தில் பாடகி விலகிவிட்டார். இப்போது வீடியோவை நீக்கச் சொல்கிறார். நீக்கித்தான் ஆக வேண்டுமா?

நண்பனின் கேள்விக்குச் சொன்ன அந்த ஒரு பக்கக் கடிதத்தில் அவருடைய கையெழுத்து இருந்தால், நீக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை. வரியோ மெட்டோ அவருடையதாக இருந்தால் மட்டும் கதை வேறு. அந்த உரிமையை எழுதித் தந்தாரா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். எழுதித் தந்திருந்தாலும் உரிமைத்தொகையில் அவருக்குரிய பங்கைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012ஆம் ஆண்டுத் திருத்தம் காக்கிறது. கையெழுத்தே இல்லையென்றால், வக்கீலைப் பார்ப்பதற்கு முன் அவரையே நேரில் பார்த்துப் பேசுங்கள். பெரும்பாலும் அவர் கேட்பது, விவரக் குறிப்பில் தன் பெயர் சரியாக வர வேண்டும், புதிய பாடகியின் நிகழ்ச்சி விளம்பரத்துக்குத் தன் முகத்தைப் பயன்படுத்தக் கூடாது என்ற அளவில்தான் இருக்கும். அந்த இரண்டுக்கும் உடன்பட்டு, இந்த முறை மறக்காமல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு புதிய பாடகியோடு பயிற்சி அறையில் ஒரே டேக்கில் எடுத்த நேரடி வடிவம் ஒன்றைத் தனியாக ஏற்றினால், நிகழ்ச்சிக்கு அழைப்பவர்களுக்கு அதை அனுப்பலாம்.